ஜப்பான் ஜாடி மண் என்று நான் சொன்னது

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இரக்கத்தில் பிறந்ததாகத்தான் முதலில் எழுதினேன். என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது. அடித்துவிட்டேன்.

2
தொடக்கம் (கைவிட்டது): பாலாற்று மீன்கள் தண்ணீர் தேடி ஆம்பூர் கடைத்தெரு வழியே நடந்துபோன 1926ஆம் வருஷத்துக் கோடையில்...

(மீன்கள் நடந்ததை நானே பார்த்தேன். ஆனால் இந்தக் கதைக்கு அவை வேண்டாம்.)

தொடக்கம் (இருக்கட்டும்): தோல் பதனிடும் ஷாப்பு துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அதில் ஒரு ஜப்பான் பூஜாடி. செம்பு உடல், அதன்மேல் மெல்லிய கம்பியை வளைத்து ஒட்டி, உள்ளும் புறமும் செம்பு தெரியாதபடி நீலமும் பச்சையுமாகக் கண்ணாடிப் பூச்சு. இரண்டு கொக்குகள். நான் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன், ஸ்டேஷன் கூட்ஸ் குமாஸ்தா பக்தவச்சலம், மேலே கேட்டு எடுத்துக்கொண்டான்.

3
ஒரு மத்தியானம், தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் சவுரியம்மாள் அவன் வாசலில் மயங்கி விழுந்தாள். அவன் மனைவி கமலவேணி கைக்குக் கிடைத்த ஜாடியில் தண்ணீர் மொண்டு நீட்டினாள். சேரிப் பெண் வாய் வைத்துக் குடித்தாள்.

"ஏன்டி, கொட்டாங்குச்சி கிடைக்கலியா உனக்கு?" என்று பாய்ந்தான் பக்தவச்சலம்.

"தேடிக்கினு இருந்தா அவ செத்திருப்பா. பொணத்த நீங்க தூக்குவீங்களா?"

அந்நாளில் தீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. உலோகம் என்றால் நெருப்பில் காட்டிப் புழங்கலாம். மண் என்றால் வீசிவிட வேண்டும். பக்தவச்சலம் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாத்தே, ஊரு உலகம் பார்த்தவரு நீங்க. இது இன்னா, செம்பா மண்ணா?"

"மண்ணுதான்பா. ஜப்பான்காரன் மண்ண நூறு வருஷம் ஊறப்போடுவான். அப்புறம் தட்டினா செம்பு சத்தம் வரும்."

நம்பினான். என் பொய்யை நம்பாதவர்கள் இந்த ஜில்லாவில் [இதற்குமேல் பெருமையாகிவிடும்].

ஜாடி தெருவுக்கு வந்தது.

"எடுத்துக்கோ சவுரி, வித்துக்கோ" என்றாள் கமலவேணி.

"இந்தக் கொக்கு எனக்கு எதுக்கும்மா? கூழு ஊத்தினா கழுத்துலயே சிக்கிக்கும்" என்று சிரித்தாள் சவுரியம்மாள். எடுத்துப் போனாள்.

4
(இங்கே அவளைக் கொஞ்சம் பேராசைக்காரியாக எழுதிப் பார்த்தேன். எனக்குப் பாரம் குறைந்தது. கிழித்துவிட்டேன்.)

வேலூர்க் கடைக்காரன் ஜாடியின் அடியைச் சுரண்டிப் பார்த்தான். "செம்பு! உசந்த வேலை. உனக்கு ஏது?" போலீஸ் வந்தது. சேதி தெரிந்ததும் பக்தவச்சலம், ஜாடி திருட்டுப்போனதாக எழுதிக் கொடுத்தான். செம்பென்றால் நெருப்பில் காட்டி வைத்துக்கொள்ளலாம் அல்லவா? கமலவேணியை வீட்டுக்குள் பூட்டினான். கொடுத்ததைப் பார்த்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான். சவுரியம்மாள் என்னைச் சாட்சியாகச் சொன்னாள். அவள் புருஷன் தானியேல் என் வாசலுக்கு எட்டவே நின்று கேட்டான்.

"சாமி, ஒரு வார்த்த சொன்னா போதும்."

"வர்றேன், போ."

சொன்னால், நான் புளுகியதும் ஏன் புளுகினேன் என்பதும் கூடவே வெளியே வரும்.

5
முடிவு ஒன்று: நான் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன். விடுதலை.

முடிவு இரண்டு: கமலவேணி பூட்டை உடைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடிவந்து... (நாடகம். அடித்தாயிற்று.)

முடிவு மூன்று: நான்

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. அவளை விடுதலை செய்வதானாலும் செய்யுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னை உள்ளே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். டவாலிச் சேவகன் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். கோர்ட்டு வாசலில், ஜட்கா வண்டிகளுக்குப் பின்னால் நின்று, மூன்றையும் கேட்டேன்.