கூழ் காபி அறுபது ரூபாய்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேடியப்பன் தன் லோடு ஆட்டோவை என் காபிக் கடை வாசலில் நிறுத்தியபோதே எனக்குப் பகீர் என்றது. பிரிட்ஜை எடுத்துப் போக வந்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கும் என் தம்பி அமான், புதுசு வாங்கியதும் பழைய பிரிட்ஜை ஒரு வாரம் என்னிடம் விட்டுவைத்தான். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு ஐஸ் காபியாவது விற்றுக் காட்டினால் அது எனக்கு, இல்லாவிட்டால் வண்டி வரும் என்றான். இதோ வண்டி வந்துவிட்டது. விற்றது? ஒன்றுகூட இல்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு இந்தப் பக்கம், எட்டு வருஷமாகக் காபி போடுகிறேன். இந்த வஜீதாவின் டிகாஷனை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சித்திரை வெயிலில் வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், நம் ஜனங்களோ சூடான எதையும் கண்டாலே ஓடுகிறார்கள். அதனால்தான் இந்த ஐஸ் காபி யோசனையே. ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே போர்டில் எழுதி வைத்தேன். வருகிறவர்கள் படிப்பார்கள், அறுபதா என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், ஒரு சிரிப்பு, போய்விடுவார்கள். தினம் இதே கூத்து. கஞ்சப்பிசினாரிகள் என்று ஊரையே மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கயிற்றோடு இறங்கின வேடியப்பன் போர்டு முன்னால் நின்றுவிட்டான்.

“அக்கா, தொட்டுக்க மோர் மொளகா குடுப்பீங்களா?”

காபிக்கு எதற்கடா மிளகாய் என்றேன். அவன் விரலால் காட்டினான். ‘சூடு காபி 20. கூழ் காபி 60.’

கூல் என்று எழுதத்தான் நினைத்தேன், சத்தியமாக. எனக்கும் இந்த ழகரத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே தகராறு. எதிர் வரிசைத் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ், கடிக்க வெங்காயத்தோடு, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. காபி ஊற்றின கூழை அறுபது கொடுத்து எந்தப் பைத்தியம் குடிக்கும்? வெட்கம் பிடுங்கித் தின்றது, கூடவே சந்தோஷமும் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் ஐஸ் காபியை யாரும் வேண்டாமென்று சொல்லவே இல்லையே! அவன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிப் பெஞ்சில் போட்டேன்.

விஷயம் புரிந்ததும் அவனும் விலையில்தான் வந்து நின்றான். சூடு காபிக்கு கேஸ் எரிகிறது, அதற்கே இருபதுதான். ஜில்லென்று கொடுக்க அடுப்பே வேண்டாம், அதற்கு எப்படி ஜாஸ்தி என்றான். நியாயம் பேசுகிறானாம். சூடு காபியிலேயே நாலு ஐஸ் போட்டுக் கொடுங்கள், போதும் என்றான். போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளர் கழுவின தண்ணி மாதிரி இருக்கு என்று முகத்தைச் சுளித்தான். அதற்குக் காசு வேண்டாம், கீழே ஊற்று என்றேன்.

“இப்பப் பாரு வேடியப்பா.”

ரெண்டு பங்கு பொடியில் இறக்கின டிகாஷன். ஐஸ் கரைந்தாலும் காபி நிற்க வேண்டுமே. பால் முந்தின நாளே சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்தது; அதாவது கேஸும் உண்டு, கரண்டும் உண்டு. சர்க்கரை குளிர்ச்சியில் கரையாது என்று பாகு காய்ச்சி வைத்திருந்தேன். ஐஸ் கூடக் கேன் தண்ணீரில் செய்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நீளக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு நீட்டினேன்.

வேடியப்பன் எப்போதும் நின்றபடியே மூன்று மடக்கில் காபி குடித்துவிட்டு ஓடுகிற ஆள். எட்டு வருஷத்தில் ஒரு நாளும் என் கடையில் உட்கார்ந்ததில்லை. ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். வேப்பமர நிழலில் கிடந்த நாற்காலியை மலை தெரிகிற பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். கால் மேல் கால் போட்டான். விலையில் நாற்காலியைச் சொல்ல மறந்துவிட்டேனே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அமான்தான். பிரிட்ஜை ஏற்றியாகிவிட்டதா என்று அவன் கத்துவது எனக்கே கேட்டது. ழகரத்தை அழிக்க ஈரத்துணியோடு தூக்கின கை அப்படியே நிற்க, நான் வேடியப்பனையே பார்த்தேன்.

அவன் டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான்.

“இல்ல பாய்,” என்றான். “இன்னும் ஐஸ் கரையல.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று இருபது ரூபாய் நோட்டுகளை எடுத்துப் பெஞ்சில் வைத்தான். காற்றில் பறக்காமல் இருக்க, பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்து அவற்றின் மேல் வைத்தான்.