களத்தில் கொட்டிய கிரகம்

சின்னப்பொண்ணு பின்பக்கமாக நடந்தபடியே பெருக்கினாள். அப்படித்தான் பெருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். முன்னால் நடந்தால் பெருக்குகிறவளின் கால்தடம் விழுந்துவிடும். அது யாருமே கால்வைக்காத கிரகம். சினேகிதப் பிள்ளைகள் நான்கு பேர் ராக்கெட்டில் போய் முதன்முதலாக அதில் இறங்குகிறார்கள். குடும்பத்தோடு பார்க்கிற படம் என்றான் உதவி இயக்குநர் இளவரசன்.

கிரகத்துக்கு அடியில் இருந்தது சாமை அடிக்கிற களம். வெள்ளிமலைக்கு மேற்கே ஐந்து வீட்டுக்குப் பொதுவானது. நான்கு வீட்டார் அடித்துத் தூற்றி அள்ளிப் போய்விட்டார்கள். ஐந்தாவது முறை சின்னப்பொண்ணுவுடையது. அவள் சாணம் மெழுகிக் காயவிட்ட மறுநாள், கொழுந்தன் அய்யப்பன் சினிமாக்காரர்களின் ஜீப்பில் வந்து இறங்கினான். பின்னாலேயே ஒரு லாரி செம்மண் வந்தது.

"மூணே நாளு அண்ணி. உனக்கும் பெருக்கற வேலை வாங்கி வெச்சிருக்கேன்."

"யாரக் கேட்டு கொட்ன?"

"நாலு வூட்டுலயும் சரின்ட்டாங்க. நீ ஒருத்திதான் மல்லுக்கு நிக்கற."

அவள் புருஷன் கேரளத்தில் மரம் வெட்டப் போயிருந்தான். அவன் ஊரில் இருந்தால் அய்யப்பனின் வாய் இவ்வளவு நீளாது.

இன்று ஆறாம் நாள்.

விடியலில் தூறல் போட்டது. சின்னப்பொண்ணு ஓடிவந்து பார்த்தபோது களத்தோரம் அடுக்கியிருந்த கதிர்ப்போர் திறந்து கிடந்தது. அவளுடைய தார்ப்பாய் ராக்கெட்டின் மேல் இருந்தது.

"ராக்கெட்டு அட்டைக்கா. நனைஞ்சா படமே காலி" என்றான் இளவரசன்.

"எஞ் சாமை நனைஞ்சா?"

"கதிரு வயல்ல இருக்கும்போது மழையில நனைஞ்சதுதானேக்கா?"

அறுத்த கதிருக்கும் நிற்கிற கதிருக்கும் வித்தியாசம் தெரியாதவனிடம் என்ன பேசுவது. அவள் போருக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே சுட்டது. அடைகாக்கிற கோழியின் வயிற்றுச் சூடு. இன்றே பிரித்துப் போட்டு அடித்தால் சாமை. நாளைக்கு முளை. மறுநாள் மாடுகூட முகராது. ஆடியில் விதைத்தது, அவள் வீட்டுக்கு அடுத்த ஆடி வரைக்கும் சோறு.

"இன்னிக்கி களம் வேணும்" என்றாள்.

"ஒரே ஷாட்டு. பதினோரு மணிக்கி களம் உன்னுது. சத்தியம்."

ஷாட் இதுதான். நான்கு பிள்ளைகளும் கைகோத்து ராக்கெட் ஏணியிலிருந்து குதிக்க வேண்டும். எட்டு பூட்ஸும் ஒரே நேரத்தில் மண்ணில் பதிய வேண்டும். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

களத்தில் செருப்போடு ஏறக்கூடாது என்று முதல் நாளே சின்னப்பொண்ணு சொல்லிப் பார்த்தாள். பூட்ஸ் தடம்தான் போஸ்டரே என்று இளவரசன் சிரித்தான்.

பிள்ளைகள் கள்ளக்குறிச்சியில் லாட்ஜில் தங்கித் தினமும் வேனில் மலையேறி வந்தார்கள். வேனிலேயே சண்டை தொடங்கிவிடும். படத்தில் ரம்யா கேப்டன். ஜீவா ஏற்கெனவே இரண்டு படத்தில் நடித்தவன்.

"நான் கேப்டன்டா. என் கால்தான் ஃபர்ஸ்ட்டு."

"போடி குண்டு கேப்டன். நீ குதிச்சா கிரகமே ஓட்டையாயிடும்."

ரம்யா அவன் முழங்காலில் உதைத்தாள். கட் என்றார்கள்.

"பெருக்குக்கா!"

பெருக்கினாள். மறுபடி குதித்தார்கள். ஜீவா அரை நொடி முன்னால் குதித்தான். பெருக்கினாள். அடுத்ததில் ரம்யா அவன் கையைக் கிள்ளினாள். பெருக்கினாள். ஏழாவது டேக்கில் ரம்யா ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள்.

"இந்த ஆன்ட்டி முறைச்சிட்டே இருக்காங்க. எனக்கு சிரிப்பே வரல."

"யக்கா, மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கோ" என்றான் இளவரசன்.

"மணி பன்னண்டு."

"சாப்ட்டு வந்து ஒரே டேக்கு."

"சத்தியம் பண்ணியே."

"சினிமால தெனம் பத்து சத்தியம் பண்ணுவோம்க்கா. பெருக்கி வெச்சிட்டு வந்து பிரியாணி சாப்டு."

ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். எல்லாரும் களத்துக்கு முதுகைக் காட்டி மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு பெருக்கத் தொடங்கினாள். நடுக்களத்திலிருந்து தொடங்கினாள். இந்த முறை முன்பக்கமாக நடந்தாள். துடைப்பத்தை அழுத்தினாள். அது போதாமல், தானியம் தள்ளுகிற பலகையை எடுத்துவந்து இரண்டு விரல் கனத்துச் செம்மண்ணை ஓரத்துக்குத் தள்ளினாள். புழுதி எழுந்தது. ஆறு நாளாக அவள் பெருக்கும்போதெல்லாம் எழுந்த புழுதிதான். யாரும் திரும்பவில்லை. கூடப் பெருக்குகிற இரண்டு பெண்கள் மட்டும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

சாணம் மெழுகிய தரை பாய் அகலத்துக்குத் தெரிந்தது. பிறகு வாசல் அகலத்துக்கு. பிறகு பாதிக் களம். கதிர்க்கட்டுகளைச் சுமந்துவந்து அவிழ்த்துப் பரப்பினாள். ஆவி பறந்தது. அவளுடைய இரண்டு மாடுகளையும் பிணைத்து ஓட்டிவந்து கதிரை மிதிக்க ஏற்றினாள்.

முதலில் பார்த்தவள் ரம்யா.

"அங்கிள்! பிளானட்டக் காணோம்!"

அய்யப்பன்தான் முன்னால் ஓடிவந்தான். "அண்ணி! இன்னா காரியம் பண்ணிக்கினு இருக்க?"

"களம் அடிக்கிறேன்."

"மானத்த வாங்காத. மாட்ட எறக்கு. அடிச்சன்னா பல்லு கொட்டிடும்."

"அடி. செருப்ப கழட்டிட்டு ஏறி அடி."

அய்யப்பன் களத்தோரத்தில் நின்றுவிட்டான். ஆறு நாளும் ஊரான் பூட்ஸை ஏறவிட்டவன், தன் செருப்பு மட்டும் களத்தில் படாமல் ஓரமாகவே நின்றிருந்தான். இப்போதும் அவன் கால் எழவில்லை.

இளவரசனுக்கு அந்தத் தடை இல்லை. ஷூவோடு ஏறினான். சாமைத் தாள் எண்ணெய் மாதிரி வழுக்கும். அவன் மல்லாந்து விழுந்தான். மாடு மிரண்டு அவன் தொப்பியை மிதித்துக்கொண்டு போனது.

நான்கு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு நாளில் முதல் முறை. கேமரா ஓடவில்லை.

"போலீஸக் கூப்புடுவேன்" என்றான் இளவரசன், எழுந்தபடி.

"கூப்புடு. கள்ளக்குறிச்சிலேர்ந்து மலை ஏறி வரதுக்குள்ள அடிச்சி முடிச்சிருவேன்."

"இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத" என்றான் அய்யப்பன்.

"மிதிக்கல."

மாடுகள் சுற்றின. யாரும் அவற்றின் கழுத்தருகே வரவில்லை. போனில் கத்தினார்கள். செம்மண் லாரிக்குச் சொன்னார்கள். லாரி நாளைக்குத்தான் என்றது. மூன்று மணிக்குத் தாளை உதறி ஒதுக்கித் தானியத்தைக் குவித்தாள். தூற்ற நேரமில்லை. முதல் சொட்டு கையில் விழுந்தது.

ராக்கெட்டின் காலடியில் சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை அவள் எடுத்தபோது மறுமுனையை இளவரசன் பிடித்தான்.

"ராக்கெட்டு நனைஞ்சிரும்க்கா. அட்டை."

"வானத்துல போறதுதானே. நனையட்டும். விடு."

அவன் விடவில்லை. அவள் ஒரு கையால் பலகையை எடுத்தாள். விட்டான்.

குவியலை மூடி, நான்கு மூலைக்கும் கல் வைத்து, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மழை இறங்கியது. ஓரத்தில் கிடந்த செம்மண் கரைந்து வாய்க்காலாக ஓடியது. வேனுக்குள்ளிருந்து ரம்யா அவளை முறைத்தாள். சின்னப்பொண்ணுவும் முறைத்தாள்.

ராக்கெட்டின் மூக்கு மெல்லத் தொங்கியது.