ஒப்பு நோக்கப்பட்டது

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நகல் பிரிவு எழுத்தர் நான். அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி பார்த்து, 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகாது என்று திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

அப்பாவின் வாட்சைத் தொலைத்துவிட்டேன். அப்பா ஜினதாசன் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு விமானி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த பைலட் வாட்ச் அது. கண்புரை ஆபரேஷனுக்காக வேலூருக்கு, அக்கா வீட்டுக்குப் புறப்படும்போது, "அங்க நேரம் பாத்துச் சொல்ல ஆள் இருக்கு, வர்ற வரைக்கும் நீ இத பத்திரமா வச்சிக்கப்பா" என்று என்னிடம் கொடுத்தார். சும்மா பீரோவில் வைக்க எனக்கு என்ன கேடு? மறுநாளே கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். திரும்பும்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவக் கழற்றி வைத்தவன், பஸ் கிளம்புகிறது என்று ஓடி வந்துவிட்டேன். திரும்பிப் போய்த் தேடினேன். இல்லை.

வேறு வாட்சாக இருந்தால் பரவாயில்லை. நாங்கள் ஜைனர்கள். சூரியன் மறைந்த பிறகு அப்பா சாப்பிட மாட்டார், தண்ணீர்கூட தொட மாட்டார். எங்கள் வீடோ ஊரை ஒட்டிய மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால் அப்பாவுக்கு வாட்ச்தான் கணக்கு. அதில் கண்ணாடியைச் சுற்றி ஒரு திருகு வளையம், வளையத்தில் ஒரு முக்கோணக் குறி. விமானிக்கு அது புறப்பட்ட நிமிடத்தைக் குறித்து வைக்க. அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்து அதை அஸ்தமன நிமிடத்துக்குத் திருப்பி வைப்பார். பெரிய முள் முக்கோணத்தைத் தொட்டதும் டம்ளரைக் கவிழ்த்துவிடுவார்.

அவர் மூன்று வாரம் கழித்துத்தான் வருவார். அதற்குள் அச்சு அசலாக இருக்கும் என்று சத்தியம் செய்த ஒரு ரெப்ளிகாவை ஆன்லைனில் வரவழைத்து, தேரடி வீதியில் வாட்ச் கடை வைத்திருக்கும் மூர்த்தியிடம் கொண்டுபோனேன். மூன்று வருடத்துக்கு முன் பெருமைக்காக நான் எடுத்த படங்கள் போனில் இருந்தன. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம்.

மூர்த்தி கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தார். "முள்ளு கரெக்டு. நம்பரு கரெக்டு. வளையம் கூட டிக் டிக்னு அதே மாதிரிதான் திரும்புது. வெயிட்டு மட்டும் கொஞ்சம் கம்மி சார்."

"கைக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா பழசுல முள்ளு மஞ்சளாயிருக்கு பாருங்க, இது பளிச்சுனு வெள்ளையா இருக்கு. டீ டிகாஷன் தடவித் தரேன். ஸ்ட்ராப்பு நான் மாத்துனேன்னு சொல்லிடுங்க."

பின்மூடியில் இருந்த இரண்டு கீறல்களையும் படத்தைப் பார்த்து அவரைப் போட வைத்தேன். அலுவலகத்தில் செய்வது போலவே ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். கடைசியில் மூர்த்தி வாட்சை நீட்டி, "யாருக்கு சார் இது?" என்றார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். கறுப்புக் கண்ணாடியும் புதுப் பார்வையுமாக வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாட்சைக் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தை வளையத்தின் ஓரத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினார். நின்றார். மறுபடி ஒரு சுற்று, இம்முறை மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஸ்ட்ராப்பு பழசாயிடுச்சு, மூர்த்தி மாத்துனாரு" என்றேன்.

"நல்லா இருக்குப்பா" என்று கையில் கட்டிக்கொண்டார்.

சமையலறைக்குப் போய் என் மனைவி சுதர்சனாவிடம், "அப்பா எதுக்கு வளையத்தைத் தடவுறாரு?" என்று கேட்டேன். அவளுக்கும் வாட்ச் தொலைந்தது தெரியாது.

"உங்களுக்குத் தெரியாதா? பெரிய முள்ளு மங்கலா தெரியுது, முக்கோணம்தான் தெரியலனு ரெண்டு வருஷம் முன்ன அரத்தால அது மேல ஒரு வெட்டு போட்டாரு. எங்கனு காட்டுனதே நான்தான். நகத்தால அத தேடிப் புடிச்சி, டிக் டிக்னு எண்ணித்தான் தெனமும் வைப்பாரு."

ஒரே வீட்டில் இருக்கிறேன். இரண்டு வருடமாக என் எதிரிலேயே நடந்திருக்கிறது. ஊரார் காகிதத்தில் புள்ளி தேடிய கண்ணுக்கு அப்பாவின் விரல் தெரியவில்லை. அசிங்கமாக இருந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கே அப்பா தட்டுக்கு முன் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் நேரம் இருக்கே மாமா?" என்றாள் சுதர்சனா.

"இனிமே சூரியன் மலைக்குப் பின்னாடி போறதுக்குள்ள சாப்ட்டுடறேன்மா. அத நானே கண்ணால பாத்துக்கலாம்."

அவசர அவசரமாகச் சாப்பிட்டார். வெயில் முற்றத்தை விட்டுப் போனதும் டம்ளரைக் கவிழ்த்தார். ஐந்தே கால். என்னால் தாங்க முடியவில்லை.

"தொலைச்சிட்டேம்பா. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல."

சுதர்சனா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா வாட்சைக் கழற்றித் தரையில் வைத்தார். கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தொலைஞ்சா தொலைஞ்சுதுபா. பொருளுதானே. அன்னிக்கே போன் பண்ணி சொல்லியிருந்தா, வேற ஒண்ணு வாங்கி, வெரலு பழக்கத்துக்கு அதுல நானே வெட்டு போட்டிருப்பேன்."

"இதுலயே போடுங்கப்பா. இன்னிக்கு ஆறு இருபத்தஞ்சு வரைக்கும் டைம் இருக்கு. தண்ணியாவது குடிங்க." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். "அதுலயும் பாருங்க."

"அதுக்கு பேட்டரி போடறதும் நீதானேப்பா" என்றார்.

சித்திரை மாதப் புழுக்கம். அவர் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். மலைக்கு மேல் வானம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. ஆறு இருபத்தைந்து வரைக்கும் சொம்பில் தண்ணீரோடு அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் டம்ளரை நிமிர்த்தவில்லை.