கடைமாடிக் குருவிகள்

காலை ஆறரைக்குக் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

முதலில் குயில். அடுத்து, செம்பனைக் காட்டிலிருந்து கூரைக்குத் தாவும் குரங்குகளின் தடதடப்பு. அப்புறம்தான் பின்சந்துக்கு அப்பால் இருக்கும் கடைமாடியிலிருந்து, ஆயிரம் குருவிகள் ஒரே மூச்சில் வாய் திறந்ததுபோல, 'கிர்ரீச் கிர்ரீச்!'

ஆயிரம் குருவிகளும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பீக்கர். வாலிட் குருவிகள் எச்சிலால் கட்டும் கூட்டைச் சூப்புக்கு விற்கும் சீன முதலாளி, தவுக்கே, அவற்றை மயக்கி மாடிக்குள் இழுக்கப் பதிவு செய்த சத்தத்தைப் பொழுது சாயும்வரை ஓடவிட்டார்.

பெடாஸ் பக்கத்து அந்தத் தாமான் குடியிருப்பே காதைப் பொத்திக்கொண்டது. புனிதா மட்டும் பின்கதவைத் திறந்துவைத்துக் கோப்பியோடு உட்கார்ந்துவிடுவாள். கணவர் இறந்து பதினான்கு மாதம். மகன் முகுந்தன் ஜொகூரில். வீட்டில் பேச்சுத்துணை என்றால் இந்தக் கூச்சல்தான். எது ஸ்பீக்கர், எது அதை நம்பி வந்த நிஜக் குருவி என்று பிரித்துச் சொல்லுமளவுக்குக் காது பழகிவிட்டது.

நான்கு வீடு தள்ளியிருக்கும் லோகேஸ்வரி, ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லும் மனுவோடு வந்து நின்றாள். ஒரே வாரத்தில் மூன்றாவது தடவை.

"அக்கா, நாப்பத்தோரு வீடு சைன் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கிலா! இந்தச் சத்தத்துல எப்படித்தான் இருக்கீங்களோ?"

"உள்ள வாம்மா. தேத்தண்ணி போடுறேன்."

முடியாது என்றால் இந்த ஒரு ஜோடிக் காலும் வாசலை மிதிக்காது. குருவியா, லோகேஸ்வரியா? புனிதா கையெழுத்துப் போட்டாள். அன்று மாலையே போனைக் கொல்லைச் சுவரில் வைத்து ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டாள். எதற்கென்று அவளுக்கே விளங்கவில்லை.

பத்தாம் நாள் ஸ்பீக்கர் நின்றது.

லோகேஸ்வரியும்தான். காரியம் முடிந்ததே! காரில் போகும்போது ஹாரன் அடித்துக் கையை ஆட்டுவாள், அவ்வளவே. குயில் இரண்டு தரம் கூவிவிட்டு அடங்கிவிடும். அதற்குப் பிறகு குளிர்பெட்டியின் முனகல் மட்டும். கடைமாடிக்கு மேலே நிஜக் குருவிகள், கூப்பிட்ட குரலைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்தன.

"உங்களையும் விட்டுட்டுப் போய்ட்டாங்களா?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்டாள் புனிதா.

ஒன்பது நாள் பொறுத்தாள். பத்தாம் நாள் காலையில், தேவாரம் கேட்க முகுந்தன் வாங்கித் தந்த குட்டி ஸ்பீக்கரைக் கொல்லையில் பாண்டான் செடித் தொட்டிக்குப் பின்னால் மறைத்தாள். போனைத் தட்டினாள். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள்.

கிர்ரீச்!

குருவிகள் சட்டென்று தாழ்ந்தன. துணிக்கொடியை உரசுவதுபோல் ஒன்று பாய்ந்து போனது. புனிதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முன்கேட் 'தடார்' என்றது. தலையில் ஈரத்துண்டோடு லோகேஸ்வரி!

"அக்கா, கேட்டீங்களா? அந்த ஆளு மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்! என்னா திமிரு பாத்தீங்களா?"

"கேக்குதும்மா," என்றாள் புனிதா, பின்கதவை மெல்லச் சாத்தியபடி.

"இந்தவாட்டி சும்மா விடக்கூடாதுக்கா. புதுசா மனு எழுதணும். வீடு வீடா போவணும். ஒரு மாசம் ஆனாலும் சரி!"

ஒரு மாதம். புனிதா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பை எடுத்தாள்.

"இங்கயே உக்காந்து எழுதும்மா. மொத சைன் என்னுது."