முத்திரை கிழிந்த கதவு

வேனிலின் கடைசிக் கூறு அது. காற்று தன் தொழிலை மறந்து நின்றிருந்தது. மேகங்கள் வடக்கிலிருந்து மெல்ல வரும், ஊர்மேல் நின்று எட்டிப் பார்க்கும், ஒரு துளியும் சிந்தாமல் கலைந்து போகும். போகிற மேகத்தை ஏசவும் எவருக்கும் தெம்பில்லை. மண்ணும் மரமும் வான்நோக்கி வாய் பிளந்து கிடக்கும் அப்பருவத்திற்கென்று ஒரு மனம் உண்டு. எதிரே தெரிவது நீரா கானலா என்று இருமுறை பார்க்கும் மனம். கொடுப்பதாகச் சொல்பவரையும் ஐயத்தோடே நோக்கும் மனம்.

பல்கலைக்கழகத்தின் மாணவியர் விடுதிக் காப்பாளருக்கு அம்மனம் அந்த ஆண்டு முழுதாகவே வாய்த்திருந்தது. பேரிடர்க் காலத் தயார்நிலையை ஆராய ஒரு குழு வருகிறது என்று கடிதம் வந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு எதுவும் நேராகத் தெரியவில்லை. தீயணைப்பு உருளைகளின் தேதியைப் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். மணல் வாளிகளில் கைவிட்டுத் துழாவினார். மூன்றாம் மாடியின் கோடியில் வெளி இரும்புப் படிக்கட்டுக்குத் திறக்கும் அவசரவழிக் கதவின்மேல், கதவையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு காகிதப் பட்டை ஒட்டி, குறுக்கே கையொப்பமிட்டு அலுவலக முத்திரையும் குத்தினார். ஆபத்தில்லாத நாளில் எவரும் அவ்வழி போகலாகாது. போனால் முத்திரை காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் விடிந்ததும் அது காட்டிக்கொடுத்தது. பட்டை நடுவில் கிழிந்திருந்தது. புதிதாய் ஒட்டினார். மறுநாளும் கிழிந்தது. மூன்றாம் நாள் படிக்கட்டில் இறங்கிப் பார்த்தபோது, புழுதி படிந்த ஒவ்வொரு படியிலும் பழைய நாலணா அளவில் ஒரு வட்டத் தடம். யாரோ கனமான எதையோ படிக்குப் படி ஊன்றி ஊன்றி இறக்கியிருக்கிறார்கள். எதை? யாருக்கு? வெளியிலிருந்து எவனேனும் ஏறி வருகிறானோ? எண்பத்தேழு பெண்பிள்ளைகள் இருக்கும் கட்டடம். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் எண்பத்தேழு வீட்டாரும் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

வாயிற்காவலரை அழைத்தார். அந்த மனிதருக்கு மாணவிகள் வைத்த பெயர் கடிகாரம். நிமிடத்தைச் சேர்க்காமல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

"அஞ்சு முப்பத்தெட்டுக்கு மேடம், பெருக்கற அக்கா லிஃப்ட்ல மேல போச்சு. அவங்க வேலை ஆறு மணிக்குத்தான. நானும் யோசிச்சேன்."

"யோசிச்சவரு போய்ப் பாக்கலையா?"

"அஞ்சு அம்பதுக்கு நான் டீ குடிக்கப் போயிடுவேன் மேடம். திரும்பி வர ஆறு பதினஞ்சு ஆயிடும். நடுவுல யாரு போறா வர்றான்னு எனக்குத் தெரியாது."

"காவல் காக்கற லட்சணம் இது."

"டீக்கடைக்காரன் அஞ்சு நாப்பத்தஞ்சுக்குத்தான் திறக்கறான் மேடம், நான் என்ன பண்ண?"

துப்புரவுப் பணி செய்யும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்கு மேல். பத்தாண்டாக அதே கட்டடம். இதுவரை ஒரு ஊசி காணாமற் போனதில்லை. ஆனால் ஐயம் புகுந்த நெஞ்சுக்கு ஒருவரின் நேர்மையும் ஒரு தந்திரமாகத்தான் தோன்றும். இத்தனை ஆண்டு நல்லபேர் வாங்கிக்கொண்டது இதற்குத்தானோ என்று காப்பாளர் எண்ணினார். எண்ணியதற்காகக் கூசவும் செய்தார். கூசிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, மூணாவது மாடிக் கடைசிக் கதவை நீங்க தொட்டீங்களா?"

"தொடாம எப்படிம்மா தூசி தட்டறது?"

"காலையில அஞ்சரைக்கேவா தூசி?"

அந்த அம்மாள் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். "வெயிலுக்கு முந்தி முடிச்சிடலாம்னுதான்" என்றாள். கண்ணைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் காப்பாளரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று அவருக்குப் பட்டது.

அன்று மாலையே கடைக்குப் போய்க் கைப்பிடியளவு பூட்டு ஒன்றும் சங்கிலியும் வாங்கிவந்தார். ஆபத்துக் காலத்தில் திறக்கவேண்டிய கதவைப் பூட்டலாகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. மாணவிகளுக்கு ஆண்டுதோறும் அதைப் பாடமாகச் சொன்னவரே அவர். குழு வருவதற்குள் கழற்றிவிடலாம், நான்கே நாள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெளிப்புறத்திலிருந்து சங்கிலியிட்டுப் பூட்டினார். திருடன் வெளியிலிருந்து வருவான் என்றே அவர் உறுதியாக நம்பினார். சாவியைக் கழுத்துச் சரட்டில் கோத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னமே அபாய மணி அடித்தது.

முதல் மாடியில் துணி தேய்க்கும் அறை. நேர்காணலுக்குப் போகிற ஒருத்தி அவசரத்தில் தேய்ப்புப் பெட்டியை மூட்டைத் துணிமேல் வைத்துவிட்டுத் தலைவாரப் போயிருக்கிறாள். தீ பெரிதல்ல. டீக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கடிகாரம் ஓடிவந்து உருளையைப் பீய்ச்சி அடக்கிவிட்டார். அடங்காதது புகை. நடுப் படிக்கட்டு அதற்குக் குழாயாயிற்று. கறுத்துச் சுருண்டு மேலேறியது. லிஃப்ட் தானே நின்றது.

பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். முன்புற மைதானத்தில் மாடிவாரியாக வரிசை நின்றார்கள். பயிற்சியில் பழகியது போலவே எல்லாம் நடந்தது. சென்ற பயிற்சியில் நான்கு நிமிடத்தில் கட்டடம் காலி. அதற்குக் கிடைத்த பாராட்டுக் கடிதம் அலுவலகச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. காப்பாளர் பதிவேட்டைத் திறந்தார்.

"முதல் மாடி இருபத்தொன்பது. முழு எண்ணிக்கை, மேடம்."

"ரெண்டாவது மாடி இருபத்தொன்பது. முழு எண்ணிக்கை."

"மூணாவது மாடி இருபத்தொன்பது. முழு எண்ணிக்கை."

மூன்று குறி போட்டார். போட்ட பேனா நின்றது. மூன்றாம் மாடி வரிசையில் ஓரிடம் விட்டிருந்தது. ஊன்றுகோலில் நடக்கும் பெண்ணின் இடம்.

"அவ எங்க?"

மாடித் தலைவி விழித்தாள். "ரூம்ல இருப்பா மேடம். அவளை இறங்கினதா எழுதிக்கணும்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க? எப்பவும் அப்படித்தான எழுதுவோம்?"

அப்படித்தான். அந்த வழக்கத்தை உண்டாக்கியவர் அவரே. 'நீ எதுக்கும்மா சிரமப்படற, பயிற்சிதான, ரூம்லயே உக்காந்துக்கோ' என்று அன்பாகத்தான் சொன்னார். அவள் இறங்கினால் நான்கு நிமிடம் பதினைந்தாகும் என்பதையும் அவர் நினைக்காமல் இல்லை. தன்னையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளும்படி அந்தப் பெண் இருமுறை எழுதிக் கேட்டிருந்தாள். இருமுறையும், உன் பொறுப்பு என்னுடையது என்று பதில் எழுதிக் கையொப்பமிட்டார்.

பதிவேடு எங்கே விழுந்தது என்று அவர் பார்க்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு இரும்புப் படிக்கு ஓடினார். நாற்பத்தெட்டு வயதுக் கால்கள் இரண்டாம் மாடியிலேயே கெஞ்சின. மேலேயிருந்து ஓர் ஓசை கேட்டது. யாரோ உள்ளிருந்து கதவை ஒரே சீராக இடித்துக்கொண்டிருந்தார்கள். கத்தலில்லை, அழுகையில்லை. இடைவிட்டு இடைவிட்டு இடி மட்டும். சாவி துளையைத் தேடிக் கீறிற்று.

"பூட்டு யார் போட்டதுன்னு இப்பக் கேக்கல" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பெருக்குகிற அம்மாளின் குரல். "மொதல்ல திறங்க."

திறந்தது. புகைநாற்றம் முகத்தில் அறைந்தது. இருவரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்கள், மூக்கில் ஈரத்துணி. பெண்ணின் மடியில் ஊன்றுகோல்.

"வாடி கண்ணு, நான் தூக்கிக்கறேன்" என்று காப்பாளர் குனிந்தார்.

"தூக்க வேணாம் மேடம். எனக்கு இறங்கத் தெரியும்."

ஊன்றுகோலை முதற்படியில் வைத்தாள். பிறகு நல்ல காலை. பிறகு மற்றதை. ஊன்றுகோல் எழுந்த இடத்தில், புழுதியில், ஒரு வட்டத் தடம். காப்பாளர் அதைப் பார்த்தார். அடுத்த படியிலும் பார்த்தார். பிறகு பார்க்க இயலவில்லை.

"இருபத்தெட்டு நாளா காலையில இறங்கிப் பழகறோம்மா" என்றாள் பின்னால் வந்த அம்மாள், இருமிக்கொண்டே. "இந்த மனுஷன் டீக்குப் போற நேரத்துல முன்வாசல் வழியா உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன். உங்ககிட்டச் சொன்னா வேணாம்னு சொல்லுவீங்க. சொல்லியிருக்கீங்களே."

"மொத நாள் இருபது நிமிஷம் ஆச்சு மேடம்" என்றாள் பெண், திரும்பிப் பார்க்காமல். "இப்ப பதினோரு நிமிஷம். பேச்சுக் கொடுக்காம இருந்தா."

பேச்சுக் கொடுக்காமல் பின்னே இறங்கினார். பதினோரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை அன்றுதான் அறிந்தார்.

எட்டு மணிக்குத் துணைப்பதிவாளர் தொலைபேசியில் வந்தார். குழு நாளைக்கே வருகிறதாம், தீ விபத்தைக் கேள்விப்பட்டு. "எண்ணிக்கை சரியா இருந்ததில்ல மேடம்? எண்பத்தேழும் இறங்கியாச்சுன்னு போட்டு ரிப்போர்ட் அனுப்பிடுங்க. நல்லபடியா முடிஞ்சிடும்."

காப்பாளர் சுவரில் தொங்கிய சட்டமிட்ட கடிதத்தைப் பார்த்தார்.

"கீழ இருந்தது எண்பத்தாறு சார். ஒருத்தி உள்ள இருந்தா. கதவுல பூட்டு இருந்தது. போட்டது நான்."

மறுமுனை, "இதை எழுத்துல குடுக்கப் போறீங்களா?" என்றது.

"எழுதிட்டேன் சார்."

இருபத்திரண்டாண்டு வேலை. என்ன ஆகும் என்று காப்பாளரும் கேட்கவில்லை, துணைப்பதிவாளரும் சொல்லவில்லை. மாலையில் பூட்டையும் சங்கிலியையும் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் மேசைமேல் வைத்தார். அவள் பூட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு உங்ககிட்ட இருக்கா மேடம்?"

"இல்லம்மா."

அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்று சொல்லிவிட முடியாத ஆட்டம்.

மறுநாள் விடியலில், குழு வருமுன், காப்பாளர் இரும்புப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். கிழக்கு இன்னும் வெளுத்து முடியவில்லை. மேலே கதவு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. அவள் சோதிக்கிறாள். மூன்றாம் முறையும் தள்ளிப் பார்த்த பிறகே ஊன்றுகோல் முதற்படியைத் தொட்டது. பெருக்குகிற அம்மாள் கைப்பிடியருகே நின்றபடி கீழே எட்டிப் பார்த்தாள். காப்பாளர் நிற்பதைக் கண்டதும் மறுபடி பெண்ணின் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

காப்பாளர் கண்களை மூடிக் கைகூப்பினார். பேச்சுக் கொடுக்கலாகாது. ஆகவே வாய்க்குள்ளேயே, படியில் விழும் ஒவ்வொரு ஊன்றலுக்கும் இறைவன் பெயர் ஒன்றாக, மலர் இடுவதுபோல் இட்டுக்கொண்டே வந்தார். பெயர்கள் தீர்ந்தபோது முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். ஊன்றல்கள் மெல்ல மெல்ல அருகே வந்தன. கடைசிப் படி ஒலித்து, மண்ணில் கோல் பதிந்த சத்தம் கேட்ட பிறகே உதடு திறந்து, அவள் காதில் விழுமோ விழாதோ என்னும் அளவில் சொன்னார்:

"நீ காலூன்ற இடமெல்லாம் தரை கெட்டியா இருக்கட்டும்மா. போற பக்கமெல்லாம் கதவு உனக்குத் திறந்தே இருக்கட்டும்."