நூற்றுப் பதினேழாம் பாட்டு

சவப்பெட்டி மூடியில் மூன்றாவது ஆணி இறங்கிக்கொண்டிருந்தபோது உபதேசியார் ஜேசுதாசன் கிருபாபாயிடம் குனிந்து, ஞானரத்தினம் அண்ணன் சொல்லிவிட்டுப் போனது நூற்றுப் பதினேழாம் பாட்டுத்தானா என்று மறுபடியும் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் கையிலிருந்த கீர்த்தனைப் புத்தகத்தில் அந்த எண்ணில் கல்யாணப் பாட்டு இருந்தது.

காய்ச்சல் மயக்கத்தில் உளறியிருப்பார், வழக்கமான அடக்கப் பாட்டையே பாடிவிடலாம் என்றார் அவர்.

அவள் புருஷன் ஞானரத்தினம் சாகக் கிடந்தாலும் பாட்டு எண்ணில் பிசகுகிற ஆள் இல்லை. கோயில் கீர்த்தனையோ நாடகமேடைப் பாட்டோ, ராஜபாளையத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். அலமாரியில் மூன்றே புத்தகங்கள்: ராகத்துக்கு ஒன்று, நாடகப் பாட்டுக்கு ஒன்று, கீர்த்தனைக்கு ஒன்று. அவற்றில் இல்லாததை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் நாகஸ்வரக்காரரிடம் கேட்டுவந்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். கட்டின பெண்டாட்டி பாடினால் மட்டும் சிரிப்பார். "ஏட்டி, சுருதி தேவதானத்துல நிக்குது, நீ அடுத்த ஊரு சேத்தூருக்குப் போயிட்ட."

காலையிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. குளிப்பாட்டினார்கள், பார்த்தாள். கோட்டு மாட்டினார்கள், அதையும் பார்த்தாள். யாரோ காப்பி கொடுத்தார்கள், குடித்தாள். வேதப்புத்தகத்தோடு பாட்டுப் புத்தகத்தையும் கைக்குள் வைத்து அனுப்புவது அவர்கள் சபை வழக்கம். அவருடைய கீர்த்தனைப் புத்தகத்தைச் செருகியது அவள்தான். அது பழைய அச்சு. சபையில் இப்போது இருப்பது யுத்தத்துக்கு முந்தின வருஷம் வந்த புது அச்சு, எண்களெல்லாம் மாறிவிட்டன. அவர் சொன்னது பழைய எண், பழைய அச்சு இப்போது வேறு யாரிடமும் இல்லை.

"ஆணியப் பிடுங்குங்க" என்றாள்.

மூடின பெட்டியைத் திறக்கிறதாவது என்று கூட்டம் முணுமுணுத்தது. ஒரு பாட்டுக்காகவா என்று தயங்கினார் உபதேசியார்.

"அவிய கேட்டது அந்த ஒண்ணுதான்."

ஆசாரி பிடுங்கினார். புருஷனின் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக விலக்கித்தான் அவளால் புத்தகத்தை எடுக்க முடிந்தது. பழைய நூற்றுப் பதினேழு, மோட்சப் பாட்டு. ஆனால் தலைப்பில் அச்சாகியிருந்த ராகத்தையும் தாளத்தையும் பென்சிலால் அடித்துவிட்டு, கீழே எழுதியிருந்தார். உபதேசியார் வாசித்தார்:

"மெட்டு: சின்னவனுக்குக் கிருபா பாடின கூமாப்பட்டித் தாலாட்டு. ராகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கேட்டாயிற்று."

இளைய மகன் சின்னவன் உயிரோடு இருந்தது பதினோரு மாதம். அதற்குப் பிறகு அவள் தன் ஊர்த் தாலாட்டைப் பாடியதில்லை. பாடச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

உபதேசியார் ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகளை அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த மெட்டு யாருக்காவது தெரியுமா என்று கூட்டத்தைக் கேட்டார்.

கிருபாபாய் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மோட்சப் பாட்டின் முதல் அடியைத் தாலாட்டில் எடுத்தாள். சுருதி சேரவில்லை. இரண்டாம் அடியில் உபதேசியார் ஆர்மோனியத் துருத்தியை மூடினார். ஆசாரி மூன்று ஆணிகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியட்டும் என்று நின்றார்.