வில்ஃப் ஹோல்டனின் ஒரே பிரதி

மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் இங்கிலாந்தின் ஆக்ரிங்டன் தொழிலாளர் மன்றத்தில், கறுப்பின அமெரிக்கர்களின் பழைய சோல் இசைக்கு ஆடுவோம். இசைத்தட்டு போடுவது கிளிஃபர்ட் ஆர்மராட். தட்டுப் பெட்டி தூக்குவது நான். கிளிஃபர்டுக்கு வயது அறுபத்தொன்பது, செயற்கை இடுப்பு இரண்டு, கொள்கை ஒன்று: அறுபதுகளில் அமெரிக்காவில் அச்சான அசல் தட்டுதான் சுழலும்.

அந்த ஞாயிறு ஜேனிஸ் என்பவள் தோழிகளோடு குடைப்பாவாடையில் வந்திறங்கினாள். கால் வழுக்கத் தரையில் தூவும் பவுடரை முகத்தில் அப்பி செல்ஃபி எடுத்தார்கள். பாட்டில் கைதட்டவென்றே இடம் உண்டு; இவர்கள் கண்ட இடத்தில் தட்டினார்கள். முன்வரிசைப் பழம்புள்ளிகள் சவ ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஜேனிஸ் ஒரு தட்டை நீட்டினாள். "இன்னிக்கு எங்கப்பா பொறந்தநாளு. போன வருஷம் போயிட்டாரு. இத ஒரு வாட்டி போடுங்க சார், ஆடிட்டுப் போயிடறேன்."

கிளிஃபர்ட் பாட்டின் பெயரைப் படிக்கவில்லை. எங்கே அச்சானது என்று மட்டும் பார்த்தார். "இங்கிலாந்து மறுபதிப்பு. இத என் மெஷின்ல வைக்கறதும் டீயில வினிகர ஊத்தறதும் ஒண்ணும்மா."

பிறகு தன் பொக்கிஷத்தை எடுத்தார். போட்டிக்காரர்கள் தேடிப் பிடிக்காதபடி பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'லிட்டில் ஜெரோம்' என்று பொய்ப்பெயர் சூட்டி, பதினோரு வருடமாகக் காத்த ரகசியம். ஐரோப்பாவிலேயே ஒரே அசல் பிரதியாம்.

முதல் வரியிலேயே ஜேனிஸ் மேடைக்கு ஓடிவந்தாள். "அட, இது எங்கப்பாவோட பாட்டு, என் கையில இருக்கற இதே பாட்டு! என் தட்டுல பாடுனவரு பேரு வேறல்ல போட்டிருக்கு? எல்லாருக்கும் காட்டட்டுமா?"

"மெதுவாப் பேசும்மா!"

"அப்ப போடுங்க."

கிளிஃபர்ட் வியர்த்துப்போய் என்னிடம் பசை கேட்டார். அவள் தட்டின்மேல் வெள்ளைத்தாளை ஒட்டினார். "ஏதாவது ஒரு பேரு சொல்லு, சீக்கிரம்."

"வில்ஃப் ஹோல்டன்."

"யாரது?"

"எங்கப்பா. நாப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு."

கிளிஃபர்ட் மைக்கைப் பிடித்தார். "அடுத்தது வில்ஃப் ஹோல்டன். ஒரே பிரதி."

அதே பாட்டு. அதே குரல். முன்வரிசை கோர்டன் கண்ணை மூடித் தலையாட்டினார். "இதுதான்யா சோல்! முன்னாடி போட்டானே லிட்டில் ஜெரோம், அவன் சும்மா இவரக் காப்பியடிச்சவன். வில்ஃப் அமெரிக்காவுல டெட்ராய்ட்காரரு. எழுபத்துநாலுல நேர்லயே பாத்திருக்கேன்."

பார்த்திருக்கலாம். பஸ்ஸில்.

கிளிஃபர்ட் லிட்டில் ஜெரோமை உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். நடுத்தளத்தில் ஜேனிஸ், சமையலறையில் அப்பா சொல்லிக்கொடுத்த சுழற்சியைச் சுழன்றாள். கண்ணில் நீர், முகத்தில் பவுடர். தட்டக்கூடாத இடத்தில் கை தட்டினாள்.

கோர்டனும் அதே இடத்தில் தட்டினார்.